ஐந்தாவது புத்தகம்

வக்கீல் குற்றாலிங்கம் இன்னும் பேசி முடிக்கவில்லை. முடிக்காமலே இருந்தால் நல்லது என்று நல்லபெருமாள் நினைத்தார். கிளை நூலகத்தின் மாடிக் கூடத்தில் இருபத்து நான்கு நாற்காலிகள், அதில் ஆள் இருப்பது பத்தொன்பது, தன்னையும் சேர்த்து. மின்விசிறி மூன்று, ஓடுவது இரண்டு. ஓடாத விசிறிக்கு நேர் கீழே போய் உட்கார்ந்திருந்தார், அங்கே பக்கத்தில் யாரும் வந்து உட்கார மாட்டார்கள் என்பதற்காக. வாசகர் வட்டத்தில் இந்த மாதம் தேசப்படமும் புவியியலும். ஒவ்வொருவரும் எழுந்து ஐந்து புத்தகங்களைப் பரிந்துரைக்க வேண்டும், ஏன் படிக்க வேண்டும் என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பேசுகிறவர்கள் நான்கு பேர். நாலாவது அவர். சட்டைப் பையில் இருக்கும் தாள் வேர்வையில் நைந்து மார்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, அதில் உள்ளது அவருக்கு மனப்பாடம், ஆனாலும் கை அடிக்கடி பைக்குப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தது, பஸ்ஸில் மணிபர்ஸைத் தொட்டுப் பார்க்கிறவன் மாதிரி. வேண்டாம் என்றுதான் முதலிலேயே சொன்னார். "எழுதித் தந்திருதேன், நீங்களே வாசிச்சிருங்க" என்று நூலகர் பகவதியிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னார். "நான் வாசிச்சா அது எம் பட்டியல்னுல்லா ஆயிரும் அண்ணாச்சி? நாலு வருசமா அந்த மூலை அலமாரிய விட்டு அசையாம, எந்தப் புஸ்தகத்துல எத்தனை மேப்பு, எத்தனைல அளவுகோல் இல்லைன்னு எண்ணிக்கிட்டு இருக்கது நீங்களா நானா?" என்று அவள் சிரித்தாள். மூலை அலமாரியில் நூற்றுப் பதினாறு புத்தகங்கள். படம் உள்ளவை எழுபத்து மூன்று. அளவுகோல் இல்லாமல் படம் போட்டவை இருபத்தெட்டு. அவை கெட்ட புத்தகங்கள் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"... ஆக, ஒரு நாட்டின் எல்லைங்கிறது என்ன? யோசிச்சுப் பாருங்க" என்று வக்கீல் கையை விரித்தார். எல்லை என்பது கல், என்று நல்லபெருமாளின் மனசு தன்னால் பதில் சொன்னது. இத்தனாம் நம்பர் கல், நிலத்துக்கு மேலே ஒன்றரை அடி, தலையில் அம்புக்குறி வெட்டு. முப்பத்தோரு வருஷம் சர்வேயில் சங்கிலி பிடித்தவர் அவர். எட்டாவது வரைதான் படிப்பு. எட்டாவதில் ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்து, சுவரில் தொங்கிய படத்தில் கோதாவரியைக் காட்டு என்று கோலைக் கையில் கொடுத்தார். எங்கே இருக்கிறதென்று நன்றாகத் தெரியும், கண் அதன் மேல்தான் இருந்தது, கோல் மட்டும் எழும்பவில்லை. "இந்தப் பையனுக்கு மேப்பு ஏறாது" என்று எழுதிவிட்டுப் போனார்கள். இப்போதும் கை எழும்பாமல் போனால்? பட்டியலைப் பாதியில் விட்டு உட்கார்ந்துவிட்டால்? அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. சிரிப்பார்கள், டீ வரும், மறந்துபோவார்கள். உட்கார்ந்துவிடுவதல்ல இன்றைக்குப் பயம். அந்தச் சின்னப் பயத்தைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தால் பெரியது பின்னால் போகும் என்று காலையிலிருந்து பார்க்கிறார், போக மாட்டேன் என்கிறது. முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவது நாற்காலியில் ஜீனத் டீச்சர் இருக்கிறாள். பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் புவியியல் டீச்சர். அவள் மடியில் 11407.

புத்தகங்களுக்குப் பெயரைவிட நம்பர்தான் அவருக்குத் தங்கும். 2318, பழைய துணி பைண்டு அட்லஸ், கடலுக்கு நாலு விதமான நீலம், நாற்பதாம் பக்கம் இல்லை. 6052, பூமியின் சுற்றளவை எடுத்த கதை, பிள்ளைகளுக்கு எழுதியது, நூற்றிருபத்தெட்டுப் பக்கம், ஒரு தப்புக்கூட இல்லை. 7790, ஒருவர் ஒரு ஆற்றை ஊற்றுக்கண் முதல் கடல் வரை நடந்தே போய் எழுதியது, படம் ஏழு. 9126, மாலுமிகளின் படங்களைப் பற்றியது, போகாத இடத்தைப் பூதமும் மீனும் வரைந்து நிரப்பிய படங்கள். இந்த நான்கையும் எழுதின பிறகு பேனா நிற்காமல் ஐந்தாவதையும் எழுதிவிட்டது. 11407. சர்வேயர் அருமைநாயகம் ரிட்டயரான பிறகு சொந்தச் செலவில் அச்சடித்த புத்தகம், காரியன்முடி மலையின் புவியியல், தொண்ணூற்றாறு பக்கம், கையால் வரைந்த படங்கள் ஐந்து. நல்ல புத்தகமா என்றால் நல்ல புத்தகம்தான். அந்த அலமாரியிலேயே நல்ல புத்தகம். கடைசி அட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டில் பதினொரு முறை வெளியே போயிருக்கிறது, அதில் ஒன்பது அவர் எடுத்தது. யார் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் விட்டால் பட்டியல் பொய், அந்த ஒரு நினைப்பில் எழுதிவிட்டார். பகவதி தாளை வாங்கி, நகல் எடுத்து அன்றைக்கே கீழே போர்டில் ஒட்டிவிட்டாள். நாலாம் நாள் டீச்சர் வந்து எடுத்துப் போனாள். ஆறாம் நாள் வாசலில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, உங்க லிஸ்டப் பாத்துதான் எடுத்தேன். என்னமா எழுதியிருக்காவ! பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு இதையே வச்சுப் போகலாம்னு இருக்கேன். வர்ற சனிக்கிழமை. முப்பத்திரண்டு பேரு. மேப்பப் பாத்து அடி எண்ணி நடக்கணும், போன் கிடையாது, அதான் பிராக்டிகல்." அவர் சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையை வெட்டிப் போடலாம்.

தலையாட்டாமல் என்ன சொல்லியிருக்க முடியும்? அறுபத்து மூன்றாம் பக்கத்துப் படத்தில் பதினேழாம் கல்லிலிருந்து மேற்கே போகிற கோடு, நூற்று நாற்பது மீட்டர், அதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது என்றா? எத்தனை வருஷமாக? நாற்பத்தாறு வருஷமாக. அன்றைக்கும் மலையில் மஞ்சுதான், கண்ணை மறைக்கிற மூடுபனி. முன்னால் கூட வேலை பார்த்த சொரிமுத்து சங்கிலியின் ஒரு பிடியை இழுத்துக்கொண்டு போவான், பின்னால் மறுபிடியோடு இவர். இருபது மீட்டர்ச் சங்கிலி. அது விறைப்பாக நின்றதும் சொரிமுத்து தன் காலடியில் ஓர் அம்பைக் குத்துவான். அம்பு என்று பெயரே தவிர வெறும் கம்பி, முழ நீளம், ஒரு முனை கூர், மறுமுனை வளையம். பின்னால் வருகிறவர் அந்த இடத்துக்கு வந்து, சங்கிலியைச் சரிபார்த்து, அம்பைப் பிடுங்கிக் கையில் சேர்த்துக்கொண்டு நடக்க வேண்டும். கோடு முடிந்ததும் சர்வேயர் கேட்பார், கையில் எத்தனை? பின்னால் வருகிறவன் கையில் எத்தனை அம்போ அத்தனை சங்கிலித் தூரம். வேறு கணக்கு கிடையாது. கையில் இருக்கிற கம்பிதான் மலையின் நீளம். "எத்தனைவே?" என்றார் அருமைநாயகம் சார், குடைக்கு அடியில் காய்ச்சலோடு உட்கார்ந்து. நல்லபெருமாள் கையை விரித்துப் பார்த்தார். "ஏழு சார்." ஏழு என்று சார் எழுதினார், மசியால். ஏழு இருபது நூற்று நாற்பது. சாயங்காலம் டேராவில் அம்புகளைப் பைக்குள் போடும்போது சொரிமுத்து குத்தாமல் மிச்சம் வைத்திருந்ததை நீட்டினான். இரண்டு. ஏழும் இரண்டும் ஒன்பது. பையில் இருக்க வேண்டியது பத்து.

பத்தாவது எங்கே போயிற்று? இந்த இடத்துக்கு வந்ததும் மனசு எப்போதும் ஒரு முறை நின்று, முள்ளில் மாட்டிய சங்கிலி போல இழுத்துப் பார்க்கும். சொரிமுத்து கையிலிருந்து, குத்தாமலே, வழியில் விழுந்திருக்கலாம். அப்படியானால் ஏழு சரி. தன் கையிலிருந்து, பிடுங்கிய பிறகு, விழுந்திருக்கலாம். அப்படியானால் எட்டு. நூற்று அறுபது. நடுவில் ஓர் இடத்தில் சங்கிலி ஒரு இண்டஞ்செடி முள்ளில் சிக்கிக்கொண்டது, இவர் குனிந்து விடுவித்தார், இடது கால் சறுக்கியது. சரளைக்கல் நாலைந்து காலடியிலிருந்து புல்லுக்குள் ஓடின. ஓடின சத்தம் கேட்டது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற நேரம் ஒன்றும் கேட்கவில்லை, பிறகு எங்கோ கீழே, மிகக் கீழே, ஒரு டக். புல் ஆளுயரம், அதற்கு அப்பால் பூமி இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் கையில் எத்தனை அம்பு இருந்தது? விழுந்ததா, விழவில்லையா? அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். சில நாள் அதில் ஐந்து இருக்கிறது, சில நாள் ஆறு. வேலைக்கு வந்து ஒன்றரை வருஷம், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, ஆர்டர் வருகிற நேரம். "சார்ட்ட சொல்லணும்" என்றார் அன்றைக்கு டேராவில் சொரிமுத்துவிடம். "சொல்லும், சொல்லும். நாளைக்கு மறுபடியும் அந்த ஏத்தம் ஏறி அளக்கச் சொல்லுவாரு. நீரே ஒத்தையில போய் அளந்துட்டு வாரும். காய்ச்சக்காரன எழுப்பி, அம்பத் தொலைச்சுட்டேம்னு சொல்லி, இருக்க வேலையையும் தொலைச்சுட்டு, பொறவு பீடி சுத்தப் போவீரு" என்றான் சொரிமுத்து. பிய்ந்த குடையிலிருந்து ஒரு கம்பியை உருவி, கல்லில் தேய்த்துக் கூராக்கி, நுனியை வளைத்துப் பையில் போட்டு, பத்து ஆக்கினார்கள். மறுநாள் பக்கத்து மலை. ஆர்டர் அடுத்த மாதம் வந்தது.

மலைக்காரர்களுக்குப் படம் வேண்டாம், ஆடு மேய்க்கிறவன் யாரும் மீட்டர் பார்த்துத் திரும்புவதில்லை, அது ஆபீஸ் பீரோவுக்குள் கிடக்கிற நோட்டு என்று அவர் தூங்கின வருஷங்களும் உண்டு. பிறகு சார் புத்தகம் போட்டார். அந்த நோட்டைப் பார்த்துத்தான் படம் வரைந்தார். அறுபத்து நாலாம் பக்கத்தில் எழுதினார்: பதினேழாம் கல்லிலிருந்து நேராக நூற்று நாற்பது மீட்டர் நடந்து இடப்பக்கம் திரும்பினால் படி போலப் பாறை இறங்கும், கீழே சுனை, புல் மறைக்கும், மஞ்சு மறைக்கும், கண்ணை நம்பாதீர்கள், அடியை எண்ணுங்கள். இருபது மீட்டர் முன்னாலேயே இடப்பக்கம் திரும்பினால் என்ன இருக்கும் என்று சார் எழுதவில்லை. அவருக்கு அது தெரியாது, அவர் குடைக்கு அடியில் இருந்தார். அது தெரிந்த ஆள் பூமியில் ஒருவர்தான். இது போதாதென்று முன்னுரையின் கடைசி வரி. "சங்கிலி பிடித்த நல்லபெருமாள், எண்ணிக்கை தவறாதவர், அவர் கைக்கு என் நன்றி." ஒன்பது முறை புத்தகத்தை எடுத்துப் போனதும் அந்த வரியைப் பார்க்கத்தான். சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரதி வீட்டில் இருக்கிறது. அதில் அந்தப் பக்கத்தை அவரால் திறக்க முடியாது. சாரிடம் சொல்லப் போனபோது சார் இல்லை, மாலை போட்ட போட்டோதான் இருந்தது. சொரிமுத்துவைத் தேடி ஆலங்குளம் போனார், போன வருஷத்துக்கு முந்தின வருஷம். கட்டிலில் கிடந்தபடி அவன் சிரித்தான். "எந்த அம்புவே? எந்த மலை? உமக்கு இன்னுமா பென்சன் தராவ?"

கைதட்டல் கேட்டது. ஐயோ, முடித்துவிட்டார். இல்லை, வக்கீல் தண்ணீர் குடிக்கிறார், ஒரு மடக்கு, இரண்டு மடக்கு, "கடைசியாக ஒன்று" என்கிறார். தெய்வமே, நீ நல்லா இருப்பே. கடைசியாக ஒன்று இன்னும் எட்டு நிமிஷம் தாங்கும். ஐந்தாவதை விட்டுவிட்டு நான்கோடு உட்கார்ந்துவிட்டால்? பிரயோஜனம் இல்லை, புத்தகம் அவள் மடியில் இருக்கிறது, புத்தகத்துக்குள் பச்சைத் தாள் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது, அது எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும். பகவதியிடம் தனியாகச் சொல்லலாம். என்னவென்று? டீச்சரிடம் கூட்டம் முடிந்ததும், படியில் இறங்கும்போது, மெதுவாக, வேறு பேச்சோடு பேச்சாக? அப்படி ஆறு நாளாக வைத்திருக்கிறார், மெதுவாக, வேறு பேச்சோடு. புதன்கிழமை பள்ளிக்கூட வாசல் வரை போனார். உள்ளே மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். ரெட்டைச் சடை, நீலப் பாவாடை, முன்னால் ஒரு ஒல்லிப் பிள்ளை உரக்க எண்ணுகிறது, நூத்து எட்டு, நூத்து ஒம்பது, மற்றவர்கள் அவள் பின்னால். கயிறு போட்டு இருபது மீட்டருக்கு எத்தனை அடி என்று பழக்குகிறாள் டீச்சர். நன்றாகத்தான் பழக்குகிறாள். அந்தப் பிள்ளை தப்பாமல் எண்ணியது. தப்பாமல் எண்ணி, தப்பாமல் நூற்று நாற்பதாவது மீட்டரில் நின்று, தப்பாமல் இடப்பக்கம் திரும்பி, புல்லை விலக்கி ஒரு கால். சரளைக்கல் ஓடுகிற சத்தம். ஒன்று, இரண்டு. அவர் வாசலிலேயே நின்றார், வாட்ச்மேன் "யாரு வேணும் தாத்தா?" என்றான், பேத்தியா என்றான், இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நெஞ்சுக்குள் இப்போதும் அதே இரண்டு எண்ணுகிற நேரம். டக் என்பது மட்டும் வரவில்லை. அது வராமலே எத்தனை நேரம் ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்க முடியும்?

"அண்ணாச்சி" என்றாள் பகவதி. எல்லாத் தலைகளும் திரும்பின, பதினெட்டு. எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை, முழங்கால் முன் நாற்காலியில் இடித்தது. தாளை எடுத்தார், மடிப்பில் கிழிந்து இரண்டானது, இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். "ரெண்டாயிரத்து முந்நூத்துப் பதினெட்டு" என்று ஆரம்பித்தார். "புஸ்தகத்துப் பேரு என்னண்ணே, நீங்க பஸ் நம்பர்லா சொல்லுதீங்க" என்று யாரோ சொல்ல, சிரிப்பு. பெயரையும் சொன்னார். ஏன் படிக்க வேண்டும் என்று சொல்ல மறந்தார். இரண்டாவதற்குச் சொன்னார், தப்பு இல்லை, அதனால் படிக்கலாம். மூன்றாவது. நான்காவது. குரல் தன்னுடையதாக இல்லை, யாரோ பக்கத்து அறையில் பேசுவது போல இருந்தது. ஐந்தாவது என்று சொல்லிவிட்டு நின்றார். ஜீனத் டீச்சர் சிரித்த முகத்தோடு புத்தகத்தைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள். "அதுல அறுபத்து மூணாம் பக்கம்" என்றார். "பதினேழாம் கல்லுல இருந்து போற கோடு. அது நூத்து நாப்பதா, நூத்து அறுபதான்னு எனக்குத் தெரியாது." யாருக்கும் புரியவில்லை. வக்கீல், "அச்சுப் பிழையா?" என்றார். "இல்ல. சங்கிலி பிடிச்சது நான். பத்து அம்புல ஒண்ணு காணாமப் போச்சு. எங்கையில இருந்து விழுந்திருந்தா ஒரு சங்கிலி குறையும். விழுந்துச்சான்னு தெரியாது. அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. அந்தக் கணக்கப் பாத்துத்தான் சார் படம் போட்டாரு. நூத்து நாப்பதுல இடப்பக்கம் திரும்பினா..." அங்கே சொல் நின்றுபோய், கை மட்டும் கீழ்நோக்கி ஒரு சரிவு காட்டியது.

"எத்தனை வருசம் ஆச்சுண்ணே?" என்று போஸ்ட் ஆபீஸ் ராஜாமணி கேட்டார். சொன்னார். "நாப்பத்தாறு வருசத்துக்கு அப்புறம் ஒத்தக் கம்பிக்காகவா? போலீசுல சொல்லிருவோமா?" என்று வக்கீல் எழுப்பிய சிரிப்பில் நாலைந்து பேர் சேர்ந்தார்கள். டீச்சர் சேரவில்லை. பச்சைத் தாள் இருந்த இடத்தில் புத்தகத்தைத் திறந்து படத்தின் மேல் விரலை வைத்தாள். விரல் கோட்டோடு போய் நின்றது, இடப்பக்கம் திரும்பியது, திரும்பிய இடத்திலேயே இருந்தது. அவள் முகத்தில் நிறம் போனதை அவர் பார்த்தார். தன் பயம் இன்னொருவர் முகத்தில் எப்படி இருக்கும் என்று அதுவரை பார்த்ததில்லை. "இடப்பக்கம் என்ன இருக்கு ஐயா?" என்று மெதுவாகக் கேட்டாள். "ஒண்ணும் இல்ல டீச்சர்." அவளுக்குப் புரிந்தது, சிரித்தவர்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முன்னால போறது எம் பிள்ளைல்லா" என்று பின்வரிசையில் ஒரு பெண் குரல். "எங்க செண்பகம்லா எண்ணுது. நாலு நாளா வீட்டுலயும் அடுப்படிக்கும் வாசலுக்கும் எண்ணி எண்ணி நடக்கா." நல்லபெருமாள் திரும்பிப் பார்க்கவில்லை. இனி டீச்சர் கேட்பாள், ஏன் தலையாட்டினீர்கள், ஏன் ஆறு நாள் சும்மா இருந்தீர்கள். கேட்கட்டும்.

அவள் அதைக் கேட்கவில்லை. "சனிக்கிழமை பிள்ளைங்க வரல" என்றாள், யாரிடமோ சண்டை போடுகிற மாதிரி. "நான் போறேன். டேப் வச்சு அளந்துட்டு வந்த பிறகு பாக்கலாம். ஐயா, உங்களால ஏற முடியுமா?" எழுபத்து நாலு வயது, வலது முழங்காலில் நீர். பதினேழாம் கல் இருக்கிறதோ இல்லையோ. அந்தப் புல்லை மறுபடியும் பார்க்க வேண்டும். நூற்று நாற்பதாக இருந்துவிட்டால் நாற்பத்தாறு வருஷம் எதற்கும் இல்லாமல் பயந்த ஆள் தான். நூற்று அறுபதாக இருந்தால் இத்தனை வருஷமும் அந்த இடத்தைத் திறந்தே போட்டுவிட்டு வந்த ஆள். எதை வேண்டுவது என்று தெரியவில்லை, எதை வேண்டினாலும் மலை தன் நீளத்துக்குத்தான் இருக்கும். முதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்கியது. "ஏறுதேன்" என்றார். "டேப்ப முன்னால யாரு பிடிப்பா?" "நான் பிடிக்கேன்" என்றாள் டீச்சர். "எண்ணுறது?" என்றார். "எண்ணுறதுக்கு உங்கள விட்டா யாரு இருக்கா?" என்று பகவதி முந்திக்கொண்டாள், தைரியம் சொல்வதாக நினைத்து. அவர் தலையை ஆட்டினார், இந்த முறை இல்லை என்று. "நான் மட்டும் எண்ணக் கூடாது. டீச்சரும் எண்ணணும். தனித்தனியா எண்ணி, ஒவ்வொரு இருபதுக்கும் ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லணும். ஒண்ணுக்கொண்ணு பொருந்தலைன்னா கல்லுக்குத் திரும்பி வந்து முதல்ல இருந்து. எத்தனை தடவையானாலும்." சரி என்றாள் டீச்சர். அவர் நின்றுகொண்டே இருந்தார், டீச்சர் உட்காரச் சொல்லட்டும் என்று.